பத்தொன்பதாம் அத்தியாயம்

கல்யாணியைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியைக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் யாரும் பார்த்ததில்லை. அணுமின் நிலையத்தில் ஆபத்து ஒத்திகைச் சங்கு ஊதப்போகிறார்கள் என்று முதல்நாளே நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஆனாலும் ஊதியதும் அடுப்பை அணைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். பக்கத்து வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தால்கூட இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். "நீ இன்னா பேங்கையா கொள்ளையடிச்ச?" என்று கணவர் பன்னீர்செல்வம் கேலி செய்வார். கேலி செய்கிறவர் மட்டும் பெரிய சூரரா? வேலையில் சேர்ந்த புதிதில் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்த ஏட்டு, "இந்தாளு மேல கேஸ் கீஸ் ஏதாச்சும் கீதா?" என்று அக்கம்பக்கத்தில் விசாரித்ததை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் வியர்க்கும். கேஸ் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அப்படிப்பட்டவள்தான் 1991ஆம் வருஷக் கடைசியில் ஒரு காரியம் செய்தாள். செய்தபோது அவளுக்குப் பயமே வரவில்லை. எல்லாம் சேர்த்து வைத்து பதினாறு வருஷம் கழித்து வந்தது.

அப்போது 'மங்கைச்சுடர்' என்றொரு வாரப்பத்திரிகை. அதில் பாலாற்றான் என்பவர் 'சீதாலட்சுமியின் வாடகை வீடு' என்று ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ வரை படித்து, டெக்னீஷியன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்த கல்யாணிக்கு, குவார்ட்டர்ஸின் நாலு சுவருக்குள் சீதாலட்சுமிதான் நெருங்கின சிநேகிதி. கதையில் வீட்டுக்காரி தண்ணீரை நிறுத்திவிட்டால், இவளுக்கு இங்கே குழாயைத் திறக்க மனசு வராது. புதன்கிழமை செங்கல்பட்டு பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வரும். வந்த அரைமணி நேரத்தில் சமையல் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டு போடுவது அன்றைக்கு வீட்டுக்கு வீடு நடந்த காரியம். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் பக்தவத்சலம் என்பவர் நீலக் காலிகோ துணி ஒட்டிக் கனமாகப் பைண்டு செய்து தருவார். ஏதாவது ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால், யாரிடமாவது இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தைக் கையால் பார்த்து எழுதி இடையில் சேர்த்துவிடுவார்கள். அச்சு எழுத்துக்கு நடுவில் பத்துப் பக்கம் பேனா எழுத்து வந்தால், அதை ஒரு குறையாக யாரும் நினைப்பதில்லை.

கல்யாணிக்கு விட்டுப்போனது பத்தொன்பதாம் அத்தியாயம். நவம்பர் மாதம், பேய்மழை. மூத்தவள் வைஷாலிக்கு எட்டு வயது. இரண்டாவது குழந்தைக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், நாளாவதற்கு முன்பே கல்யாணிக்கு வலி வந்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார்கள். ஆண் குழந்தை. அழவில்லை. முகத்தைப் பார்த்தால் பெற்றவளுக்கு மனசு கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்து, அவள் கையில் கொடுக்காமலே எடுத்துப்போனார்கள். பெரியவர்களின் கருணை அப்படி! பன்னீர்செல்வமும் கல்யாணியின் மாமாவும் மழையில் நனைந்துகொண்டே, டீக்கடையில் இரவல் வாங்கிய மண்வெட்டியால் குழி வெட்டினார்கள். மாமா சொல்லித்தான் கல்யாணிக்கு அதுவும் தெரியும். பேர் வைக்காத குழந்தைக்குச் சடங்கு ஒன்றுமில்லை. "அடுத்தது பொறக்கும்" என்றார்கள். பிறக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை, பன்னீர்செல்வம் உட்பட.

வீடு திரும்பிய கல்யாணி, வராத அந்த ஒரு வாரத்துப் பத்திரிகைக்காக அலைந்தாள். டவுன்ஷிப்பில் யாரிடமும் இல்லை. அந்த மழையில் கட்டே வந்து சேரவில்லையாம். பதினெட்டாம் அத்தியாயத்தின் முடிவில் சீதாலட்சுமி தாம்பரத்தில் பஸ் ஏறுகிறாள். இருபதாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்து கால் கழுவுகிறாள். நடுவில் எங்கே போனாள், யாரைப் பார்த்தாள் என்று இருபதாம் அத்தியாயம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணி நாலு மத்தியானம் உட்கார்ந்து அதைத் தானே எழுதிவிட்டாள். சீதாலட்சுமி செங்கல்பட்டு நர்சிங் ஹோமில் உறவுக்காரி ஒருத்தியைப் பார்க்கப் போகிறாள். பக்கத்துக் கட்டிலில் பேரில்லாத ஒரு பெண். குழந்தையை இழந்தவள். வெளியே மழையில் அவள் புருஷன் இரவல் மண்வெட்டியோடு போகிறான். சீதாலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். விடிகிற நேரத்தில் அந்தப் பெண், யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த பேரைச் சொல்கிறாள். இனியன்.

நிஜமாகவே கல்யாணி அந்தப் பேரைத்தான் வைத்திருந்தாள். அதை அவள் சொன்ன ஒரே ஆள், கதையில் வரும் சீதாலட்சுமிதான்.

எழுதிய காகிதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பச்சைக் கோடு போட்ட நீளமான கம்ப்யூட்டர் தாள். ஆபீசில் கழித்துப்போட்டதைப் பன்னீர்செல்வம் கொண்டுவருவார். டவுன்ஷிப் பிள்ளைகள் எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்த்தது அந்தத் தாள்களின் வெறும் பக்கத்தில்தான். மறுபக்கத்தில் வரிசை வரிசையாக எண்கள் இருக்கும். அணுவுக்கான கணக்கோ, கேன்டீன் சாம்பாருக்கான கணக்கோ, யார் கண்டார்கள்?

பைண்டு டவுன்ஷிப்பைச் சுற்றிவந்தது. பெண்கள் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அழுதார்கள். "எங்க பாத்து எழுதினேக்கா?" என்று கேட்டதற்கு, "செங்கல்பட்டு லைப்ரரில" என்று கல்யாணி சொல்லிவிட்டாள். முதல் பொய் அது. பெரிய எழுத்தாளரின் கதைக்குள் தன் சரக்கை நுழைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

காலம் போயிற்று. பாலாற்றான் 1998இல் இறந்தார். மங்கைச்சுடரும் நின்றுபோனது. வைஷாலி வளர்ந்து கம்ப்யூட்டர் படித்து, சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். 2005இல், அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு என்று, அந்த நீல பைண்டு முழுவதையும் டைப் அடித்து ஒரு வலைப்பூவில் ஏற்றிவிட்டாள். நடுவில் இருந்த பேனா எழுத்தை, அம்மா பார்த்து எழுதியது என்றுதான் அவளும் நினைத்தாள். சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்து படித்தார்கள். படித்ததோடு நிற்கவில்லை. ஒருத்தி சீதாலட்சுமியைச் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்த்துப் புதுசாக எழுதினாள். ஒருவன் அவளுக்கு விவாகரத்து வாங்கிக்கொடுத்தான். இன்னொருவன் ஜீன்ஸ் மாட்டிப் படமே வரைந்தான்.

கல்யாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடி அநியாயம்! அவரு எழுதி வச்சதுல கண்டவன் எல்லாம் கை வைக்கிறான்?"

"புடிச்சவங்க எழுதறாங்கம்மா. புடிக்கலன்னா எதுக்கு எழுதப்போறாங்க? இப்பல்லாம் அப்படித்தான்" என்றாள் வைஷாலி.

தானும் அந்தக் கண்டவன்களில் ஒருத்திதான், அதுவும் எல்லாருக்கும் முன்னால் கை வைத்தவள் என்பது அப்போதுதான் கல்யாணிக்கு உறைத்தது.

2007 ஜனவரியில் கதை புத்தகமாக வந்தது. வைஷாலி வாங்கிவந்து கொடுத்தாள். கல்யாணி நேராகப் பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். பாலாற்றான் எழுதிய நிஜமான அத்தியாயத்தை இப்போதாவது படித்துவிடலாம் என்றுதான் புரட்டினாள். அவளுடைய நர்சிங் ஹோம். அவளுடைய மண்வெட்டி. இனியன். முன்னுரை எழுதிய பேராசிரியர் வேறு, 'பத்தொன்பதாம் அத்தியாயம் ஒன்றே போதும், ஓர் ஆணின் பேனா பெண்ணின் வலியை எவ்வளவு அறிந்திருந்தது என்பதற்கு' என்று உருகியிருந்தார். கல்யாணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அது ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷம் அவள் மனசில் ஓடியது ஒரே நினைப்பு: திருட்டுத்தனமாக ஒருவர் பேரில் எழுதியிருக்கிறேன், இனி என்றைக்காவது ஒருநாள் யாராவது அந்த வாரத்துப் பத்திரிகையைத் தூசி தட்டி எடுத்துவந்து நீட்டுவார்கள்.

இரண்டு மாதத்தில் ரிஜிஸ்டர் தபால் வந்தது, இந்தத் தடவை அவர்கள் வீட்டுக்கே. வைஷாலியின் பேருக்கு வக்கீல் நோட்டீஸ். பாலாற்றானின் மகன் ராஜாராம் சார்பில். காப்புரிமையை மீறி வலைப்பூவில் வெளியிட்டதை உடனே நீக்கவேண்டும். மூலப்பிரதியை ஒப்படைக்கவேண்டும். அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுத்துமூலம் உறுதி தரவேண்டும். பதினைந்து நாளில் செய்யாவிட்டால் சிவில், கிரிமினல் நடவடிக்கை.

"இதுக்குப் போயி பயப்படறீங்களா? டெலீட் பண்ணிட்டேன், முடிஞ்சிது" என்றாள் வைஷாலி. அவளுக்கென்ன? இன்னும் இரண்டு மாதத்தில் கம்பெனி அவளை அமெரிக்கா அனுப்புவதாக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, போலீஸ் வெரிஃபிகேஷன்தான் பாக்கி. அந்த ஏட்டு மாதிரி ஒருவர் இப்போது வந்து, "கேஸ் கீஸ் ஏதாச்சும்?" என்று கேட்டால்? பெற்றவர்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலே கல்யாணி சமையலறைக்குள் போய்விடுவாள்.

பன்னீர்செல்வம் பைண்டை எடுத்துப் புரட்டியது அப்போதுதான். பதினாறு வருஷத்தில் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நடுப்பக்கத்துக்கு வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி. இது நம்ம ஆபீஸ் பேப்பரு! பின்னாடி நம்பரெல்லாம் கீது பாரு. இத கொண்டுபோயி வக்கீல் கைல குடுக்கச் சொல்றியா? டிபார்ட்மென்ட் பேப்பரு வெளிய எப்டி வந்துச்சின்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"கழிச்சிப் போட்ட பேப்பருதானேங்க?"

"கழிச்சிப் போட்டதுன்னு அதுல எழுதியா கீது?"

பிளேடு எடுத்து வரச்சொன்னார். கல்யாணிதான் எடுத்துவந்தாள். அவளேதான் தையலை ஒட்டினாற்போல அந்தப் பதினோரு தாள்களையும் அறுத்துக் கொடுத்தாள். அவசரத்தில் கட்டைவிரலில் கீறிக்கொண்டாள். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, பன்னீர்செல்வம் ஒவ்வொரு தாளாகக் கொளுத்தினார். பட்டப்பகலில், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று தோளுக்கு மேலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

"இன்னாதான் எழுதிக்கீற இதுல?"

"கதைதான்."

அவர் படித்துப் பார்க்கவில்லை. எண்கள் இருந்த பக்கம்தான் அவர் கண்ணில் பட்டது. கடைசித் தாள் சுருண்டு கருகியபோது கல்யாணி உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தான் எழுதியதற்கு இனிமேல் சாட்சி என்று ஒன்று இல்லை. அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் மிச்சம், அதுவும் வேறொருவர் பேரில்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கேளம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார்கள். ராஜாராம் அங்கே ஒரு ஃபிளாட்டில் இருந்தார். நேரில் வந்து பேசி எழுதிக்கொடுத்தால் போதும், வழக்கு வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கல்யாணி வழி நெடுக ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'சார், அத எழுதினது நானு.' பொய்க் கையெழுத்துப் போடுவது இன்னும் பெரிய குற்றம். இதற்கு உண்மையைச் சொல்லிவிட்டு, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஒருவேளை, ஒருவேளைதான், அடுத்த பதிப்பில் ஓரமாக ஒரு வரி போட்டாலும் போடுவார்கள். அந்த ஆசை வந்தபோது, தன்னை நினைத்தே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ராஜாராம் ஐம்பது வயதைத் தாண்டிய, சாந்தமான மனிதர். பைண்டை வாங்கிப் புரட்டினார். பதினெட்டுக்கு அடுத்து இருபது. தையலோரம் பிளேடு போன தடம்.

"பத்தொன்பது எங்கம்மா?"

"இவ கையால எழுதி வச்சிருந்தா சார். பழைய பேப்பரு. வீணாப்போச்சு" என்றார் பன்னீர்செல்வம்.

"அடடா. மத்த அத்தியாயம் எல்லாம் அப்பா வெட்டி வச்சிருந்தார். அது ஒண்ணுதான் எங்ககிட்ட இல்ல. உங்க பொண்ணு போட்டிருந்ததுலேருந்துதான் எடுத்தோம்."

எடுத்தவரே எடுத்த இடத்துக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்! வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை பிடித்திருப்பார்கள். இவர்கள் இருவரும் தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதனாலதான் ஒரு உறுதிமொழி கேக்கறேன்" என்று டைப் அடித்த ஸ்டாம்ப் பேப்பரை அவர் எடுத்து வைத்தார். "பத்திரிகைய பாத்து உள்ளது உள்ளபடி எழுதினேன், முழுக்கப் பாலாற்றான் எழுதினதுதான்னு நீங்க கையெழுத்துப் போடணும். சார் சாட்சி. அப்புறம் உங்க பொண்ணு மேல எந்தப் பிரச்சினையும் வராது."

கல்யாணி வாயைத் திறந்தாள். "சார், அந்த அத்தியாயத்த..."

"பத்தொன்பதப் பத்தியா பேசறீங்க?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். ராஜாராமின் தாய் ஞானம்பாள். கையில் அந்தப் புத்தகம். ராஜாராம் எழுந்து அவரைக் கல்யாணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீதான் எழுதி வச்சிருந்தியாம்மா? நீ நல்லா இருக்கணும்" என்று கல்யாணியின் கையைப் பிடித்துக்கொண்டார் ஞானம்பாள். "அவர் எழுதினது ஒண்ணுத்தையும் நான் படிச்சதில்ல. சோறாக்கவே நேரம் சரியாப் போயிடும். புத்தகமா வந்தப்புறம்தான் இவன் படிச்சுக் காட்டினான். எனக்கு இவனுக்கு முந்தி ஒண்ணு பொறந்து தவறிப்போச்சு. அந்த மனுஷன் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. கல்லுன்னு நெனச்சேன். அம்பது வருஷத்துக்கு மேல அவர கல்லுன்னே நெனச்சிட்டேன். இங்க பாத்தா எல்லாத்தையும் மனசுல வச்சிருந்து எழுதியிருக்காரு."

புத்தகத்தைப் பிரித்து, விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். "'பேர் வைக்காத குழந்தைக்குச் சடங்கு இல்லை என்றார்கள். வெளியே மழையில் அவள் புருஷன், டீக்கடையில் இரவல் வாங்கிய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனான்.'"

பன்னீர்செல்வம் நிமிர்ந்தார்.

"பேரு கூட வச்சிருக்காரும்மா, எனக்குத் தெரியாம. இனியன். இத்தினி வருஷமா பேர் சொல்லி அழக்கூட வழியில்லாம இருந்தேன். இப்ப வெள்ளிக்கிழமையானா வெளக்கேத்தி, 'இனியா, நல்லா இருக்கியாடா'ன்னு கேக்கறேன். பேரு எவ்ளோ நல்லாருக்கு பாரேன்."

கல்யாணி தன் வாயால் ஒரு தடவைகூடச் சத்தமாகக் கூப்பிடாத பேரை, இன்னொரு தாய் தன் பிள்ளையின் பேராகக் கூப்பிடுகிறாள். நோட்டீஸ், போலீஸ், பாஸ்போர்ட் எல்லாம் அந்த நொடியில் அவளுக்கு மறந்துபோயின. புதிதாக ஒரு பயம் வந்தது, அவள் வாழ்க்கையிலேயே பெரிய பயம். தன் வாய் தன்னையறியாமல் திறந்துவிடுமோ என்ற பயம். அதில் எழுதியிருந்ததைக்கூடப் படிக்காமல் அவள் பேனாவை எடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் காட்டிய இடத்தில் வேகமாகக் கையெழுத்துப் போட்டாள்.

காகிதம் பன்னீர்செல்வத்திடம் போயிற்று. அவர் பேனாவைப் பிடித்தபடி கல்யாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டீக்கடை மண்வெட்டி அவருக்கும், என்றோ செத்துப்போன மாமாவுக்கும், கல்யாணிக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. போன வாரம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எதைக் கொளுத்தினோம் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"சார், இங்க" என்று ராஜாராம் விரலால் காட்டினார்.

கல்யாணி கண்ணாலேயே போடச் சொன்னாள். அவர் போட்டார். கோணல்மாணலாக, பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே போயிற்று.

காபி வந்தது. இருவராலும் அதைக் குடிக்க முடியவில்லை. எழுந்து செருப்பைத் தேடும்போது ஞானம்பாள் வாசல்வரை வந்தார். "கேக்கவே மறந்துட்டேன் பாரு. உனக்கு எத்தினி பசங்கம்மா?"

"ரெண்டும்மா" என்றார் பன்னீர்செல்வம். "பெரியவ பொண்ணு. சின்னவன்..."

கல்யாணி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒரே பொண்ணுதாம்மா" என்றாள். "அவரு வேற எதையோ நெனச்சிகினு பேசறாரு."